காக்காப் பங்கு

குருபரப்பள்ளியில் நெடுஞ்சாலை ஓரம் மீன் வறுத்து விற்கிற கடை என்னுடையது. பெங்களூர் போகிற கார்க்காரர்கள் இறங்கித் தின்றுவிட்டு, "கடல் மீனாங்க?" என்று கேட்பார்கள். நான் சிரித்து வைப்பேன். கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குக் கடலை யாராவது தூக்கிக்கொண்டு வந்தால்தான் உண்டு. என் கடையில் எண்ணெயில் வேகிறது எல்லாம் சின்னேரி மீன். சாலையிலிருந்து உள்ளே, மாந்தோப்புகளைத் தாண்டிப் போனால் அந்த ஏரி. அதில் மீன் குத்தகை எடுத்திருப்பவர் முனிவேல். தக்காளி, கோஸ், மாந்தோப்பு, மீன் என்று எதிலும் கை வைப்பார். வீட்டில் தெலுங்கு, ஏரிக்கரையில் தமிழ், பெங்களூர் வியாபாரியிடம் கன்னடம். மூன்று பாஷையிலும் அவருக்குத் திட்டத்தான் சரளமாக வரும்.

போன ஐப்பசியில் அவருக்கு ஏரிக் காவலுக்கு ஆள் தேவைப்பட்டது. முந்தின வருஷம் நீர்க்காகங்கள் இறங்கிக் குஞ்சு மீனையெல்லாம் வழித்துத் தின்றிருந்தன. என் கடையில் மீன் கழுவிக்கொண்டிருந்த காளியம்மாளின் புருஷன் தங்கதுரை அப்போது வேலையில்லாமல் இருந்தார். வேதாரண்யத்துக்குக் கிழக்கே கடலோரக் குப்பத்துக்காரர்கள் இருவரும். ஓசூருக்கு வந்து, ஒரு பிரஸ் கம்பெனியில் தங்கதுரை வருஷக்கணக்காகத் தகடு அடித்தார். ஒரு நாள் பிரஸ் அவருடைய வலது கையை அடித்தது. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிச்சம். கம்பெனி ஒரு பழக்கூடையோடு அவரை வீட்டுக்கு அனுப்பியது. மத்திகிரியில் குடியிருந்த வாடகை வீடும் அதோடு போயிற்று.

முனிவேல் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"பறவ வெரட்டத் தெரியுமாப்பா?"

"கடல்ல பறவையோடயே பொழச்சவந்தாங்க மொதலாளி."

தெரியும் என்று அவர் சொன்னதாக முனிவேல் எடுத்துக்கொண்டார். கரைமேல் மோட்டார் ரூமை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அதில் குடியிருந்துகொள்ளச் சொன்னார். கடலில் பறவையை யாரும் விரட்டுவதில்லை என்பது அவருக்குத் தெரியாது. எனக்கும்தான் தெரியாது.

காளியம்மாள் அந்தத் தகரக் கொட்டகையை வீடாக்கிவிட்டாள். தரைக்குச் சாணி, வாசலில் ஒரு முருங்கைக் குச்சி, தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே இருந்த ஓட்டைக்கெல்லாம் சிமெண்டுச் சாக்கு. ஒரே மகள் ரஞ்சிதா போன் கம்பெனி ஒன்றில் வேலை செய்துகொண்டு ஹாஸ்டலில் இருந்தாள். லீவு கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தால், மூன்று பேரும் கரையில் உட்கார்ந்து மீன் குழம்பும் களியும் தின்பார்கள். களி கிண்டுவதை நம் பக்கத்துப் பெண்களிடம் காளியம்மாள் கற்றுக்கொண்டிருந்தாள். "ஊரை விட்டு வந்ததுலேந்து எங்க மூணு பேருக்கும் சேந்து கால நீட்ட எடம் கெடச்சது இஞ்சதான் தம்பி," என்று என்னிடம் சொன்னாள். சொல்லும்போது காலை நீட்டித்தான் உட்கார்ந்திருந்தாள்.

கார்த்திகையில் மழை விட்ட ஒரு காலை, நான் மீன் ஏற்றக் குட்டியானை வண்டியை ஓட்டிக்கொண்டு போனபோது ஏரி நடுவில் வெள்ளை வெள்ளையாக என்னவோ மிதந்தது. தென்பெண்ணை ஆற்றில் வருகிற ரசாயன நுரை இங்கேயும் வந்துவிட்டதா என்று நினைத்தேன். பக்கத்தில் போனதும் நுரை எழுந்து பறந்தது.

"கடக்காக்கா," என்றார் தங்கதுரை. அந்த மனிதர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. "எம்மாம் தொலவு வந்துருக்கு பாருங்க. நம்மளத் தேடிக்கிட்டு வந்துருக்கு."

நம்ம ஊர்க் காக்காயைவிடக் கொஞ்சம் பெரிசு. உடம்பு வெள்ளை, முதுகு சாம்பல். இறக்கை நுனி மட்டும் மையில் தோய்த்த மாதிரி கறுப்பு. அந்தக் கறுப்புக்குள்ளே ஒரு வெள்ளைப் புள்ளி. மூக்கும் காலும் சிவப்பு. வெள்ளைத் தலையில் கண்ணுக்குப் பின்னால் ஒரு அழுக்குக் கறை. தூரத்திலிருந்து பார்த்தால் கல்யாணத்துக்குக் கிளம்பின கூட்டம் மாதிரி சுத்தபத்தமாக இருக்கும். பக்கத்தில் வந்தால்தான் கண் தெரியும். வெளிறின கண், நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு. அந்தக் கண்ணில் இரக்கம் என்று ஒரு பொட்டுக்கூட இல்லை. ஒன்றின் வாயில் மீன் இருந்தால் நாலு துரத்தும். நொண்டியாக ஒன்று இருந்தால் மற்றதெல்லாம் அதன் பங்கைப் பிடுங்கித் தின்னும். கத்தல் வேறு, யாரையோ கேலி செய்து சிரிக்கிற மாதிரி.

அன்று பரிசலில் போய் வலையை இழுத்ததும், தங்கதுரை முதலில் கைக்கு வந்த பொடி ஜிலேபி மீன்களை எடுத்து மேலே வீசினார். நான் பதறினேன். "என்னண்ணே பண்றீங்க?"

"காக்காப் பங்கு," என்றார். "கடல்ல மொத வலையில வர்ற பொடிய அதுக்குப் போட்டுரணும். மீன் எங்க கெடக்குன்னு காட்டிக் குடுக்கிறதே அதுதானே. எங்க அப்பா போட்டாரு, நான் போடுறேன்."

"இது கடல் இல்லண்ணே. மீன் எங்க இருக்குன்னு அது காட்டத் தேவையில்ல. முனிவேலு பாத்தா தோலை உரிச்சிருவாரு."

"ஜிலேபிதானே. யாருக்கும் ஆவாத மீனு. இத ஒரு மூலையில போட்டுப் பழக்கிட்டா, அது ஏன் மத்த மீனுக்குப் போவுது?"

அதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. ஏரியின் கிழக்கு மூலையில் ஒரு பாறை உண்டு. தினம் காலையில் அதில் ஏறி நின்று, இரண்டு விரல் கையை உயர்த்துவார். சீட்டி ஒன்று அடிப்பார். அவ்வளவுதான். ஏரி மொத்தமும் எழுந்து வரும். அவர் கீழிருந்து மேலாகக் கையை அசைத்து மெதுவாக வீசுவார். ஒரு மீன் தண்ணீரில் விழாது. பறந்தபடியே கவ்விக்கொள்ளும். தையில் முனிவேல் வந்து பார்த்துவிட்டு, பெரிய மீன் குறையவில்லை என்றதும் ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் ஒன்றும் சொல்லவில்லை என்றால் பாராட்டினதாக அர்த்தம்.

காளியம்மாளுக்கு மட்டும் அந்தப் பறவைகளைக் கண்டால் ஆகாது. அவர் பாறைக்குப் போகும்போது முதுகைத் திருப்பிக்கொண்டு பாத்திரம் தேய்ப்பாள். ஒரு நாள் கேட்டேன்.

"ஏன்க்கா, உங்க ஊர்ப் பறவதானே?"

அவள் கட்லாவின் வயிற்றைக் கீறிக் குடலை இழுத்துப் போட்டாள். "என் தம்பி கடல்ல போயிட்டான் தம்பி. மறுநா கரையில ஒதுங்குனான். நாங்க ஓடிப் போறதுக்கு முன்னாடி இதுவ போயிட்டுது. ஒண்ணு அவன் மொகத்து மேல நிக்கிது. எதுக்குன்னு நெனக்கிறிய? கண்ணுக்கு. இதுவளுக்கு மொதல்ல கண்ணுதான்."

மீனைத் தூக்கி வண்டியில் போட்டேன்.

"அவருகிட்ட சொன்னா, அதுக்குப் பசி அதுக்கு, அதுக்கு என்ன தெரியும்னுவாரு," என்றாள். "பசின்னா? எனக்குந்தான் பசிச்சுது. நான் யாரு கண்ணப் புடுங்குனேன்?"

மாசி பிறந்ததும் பறவைகளின் தலை மாற ஆரம்பித்தது. கண்ணுக்குப் பின்னால் இருந்த கறை நாளுக்கு நாள் பரவி, முகம் முழுக்கக் காப்பிப் பொடி நிறமானது. குல்லா மாட்டின மாதிரி இருந்தது. எனக்கு ஏதோ நோவு என்று பயம், என் கடைக்கு வருகிறவர்கள் கோழிக் காய்ச்சல் அது இது என்று பேசுவார்களே என்று. தங்கதுரை சிரித்தார்.

"கெளம்புதுங்க. தல கறுத்துட்டா வடக்க போயிரும். மலைக்கு அந்தாண்ட எங்கயோ போய் முட்ட வுடுமாம். பங்குனி வெயில்ல ஒண்ணக் காணமாட்டிய. குஞ்சா வந்தது மட்டும் ஒண்ணு ரெண்டு போவாது. அதுக்கு இந்த வருசம் தல கறுக்காது."

அப்படி ஒன்றை எனக்குக் காட்டினார். இறக்கையில் பழுப்புத் திட்டு, வாலில் ஒரு கறுப்புப் பட்டை, தலை இன்னும் வெள்ளை. அவர் கையிலிருந்தே மீனை வாங்கித் தின்னும். விரல் இல்லாத இடத்தை ஒரு தடவை கொத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டதாம்.

மாசி நடுவில் பெரிய மீன் முழுவதையும் பிடித்து ஏற்றினார்கள். அதற்கப்புறம் ஏரியில் மீன் குஞ்சு விட வேண்டும். முனிவேல் குஞ்சுப் பண்ணைக்காரனிடம் பேசிவிட்டு ஏரிக்கு வந்தார். அன்று நானும் இருந்தேன்.

"வெள்ளிக்கெழம குஞ்சு வருது. விரல் நீளம்கூட இருக்காது. தண்ணி மேலயே திரியும். இந்த வெள்ளக் காக்காய எல்லாம் காலி பண்ணு."

"மொதலாளி, இதுவ போவப்போவுதுங்க. தலயப் பாருங்க, கறுத்துட்டு. கொஞ்ச நாள் குஞ்சு வுடறதத் தள்ளிப் போட்டா..."

"என்னாத்துக்கு? காக்காவுக்கு மொகூர்த்தம் பாத்து நான் யாவாரம் பண்ணணுமா?"

"பட்டாசு போட்டு வெரட்டிப் பாக்குறேங்க."

"பட்டாசு போட்டா பக்கத்து ஏரிக்குப் போயிட்டு சாயங்காலம் வரும். நீதான் சோறு போட்டு வளத்து வெச்சிருக்கிற இல்ல? உன் கைய நீட்டினா வருதில்ல? நல்லதாப் போச்சு." முனிவேல் வண்டிப் பெட்டியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கரைமேல் வைத்தார். கோஸ் தோட்டத்தில் பூச்சிக்குப் போடுகிற குருணை மருந்து. "ஜிலேபி வயித்துல வெச்சுப் போடு. தண்ணியில ஒண்ணு விழக்கூடாது. விழாதுன்னு நீதான் பெரும பேசுவியே."

தங்கதுரை பொட்டலத்தைத் தொடவில்லை.

"காக்காப் பங்குங்க அது."

"ஏம்ப்பா, காவலுக்குன்னுதானே கொட்டாய் குடுத்தன்? வெரட்ட முடியாதுன்னா சொல்லிடு. வெள்ளிக்கெழமைக்குள்ள கொட்டாயக் காலி பண்ணிக்குடு, வேற ஆள் வெச்சுக்கறன்." அவர் போன் அடித்தது. "ஆ, செப்பு ரா," என்று தெலுங்கில் பேசியபடி கரை இறங்கிப் போனார்.

எனக்கு வந்த எரிச்சலில் அந்தப் பொட்டலத்தை அவர் வாயிலேயே கொட்டலாம் போலிருந்தது. ஆனால் நாளைக்கும் அவர் ஏரி மீன்தான் என் கடைக்கு வர வேண்டும்.

காளியம்மாள் கொட்டகை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வந்து பொட்டலத்தை எடுத்தாள்.

"வைடி அத," என்றார் தங்கதுரை.

"வச்சிட்டு? எஞ்ச போவம்? மத்திகிரியில வாசல்ல சாமானோட நின்னமே, அத மாதிரி இன்னொரு தரம் நிக்கவா? நாயித்துக்கெழம அந்தப் புள்ள எஞ்ச வந்து ஒக்காரும்?"

"கைய நம்பி வருதுடி."

"மிஷினும் ஒங்க கைய நம்பித்தான் வச்சிருந்தாங்க." அப்படிச் சொன்னவுடனே அவளுக்கே பொறுக்கவில்லை. குரலை இறக்கினாள். "நான் அரிஞ்சு வச்சுத் தாரேன். ஒங்க கையால மருந்தத் தொட வேண்டாம். எறிஞ்சா மட்டும் போதும். அதுவளுக்கு ஒரு பாவமும் கெடையாது. நான் கண்ணால பாத்தவ."

மறுநாள் நான் போகாமலே இருந்திருக்கலாம். வலையையும் பெட்டிகளையும் ஏற்றிவர முனிவேல் கூப்பிட்டார் என்று போனேன். அவர் மாமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காளியம்மாள் கையில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு ஒரு அன்னக்கூடை நிறைய ஜிலேபியைத் தயார் செய்திருந்தாள். அவள் கை வேகம் எனக்குத் தெரியும். அன்று அந்த வேகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. தண்ணீரில் விழக்கூடாது என்பதால் ஏரிக்கு வெளிப்பக்கம், அறுவடை முடிந்த கேழ்வரகுக் கொல்லையில் போய் நின்றார்கள்.

தங்கதுரை கையை உயர்த்தினார். சீட்டி வரவில்லை. உதடு காய்ந்துபோயிருந்தது. சீட்டி தேவைப்படவும் இல்லை. கையைப் பார்த்ததுமே வந்துவிட்டன. காப்பித் தலைகள் தலைக்கு மேலே சுழன்றன. வழக்கம்போலக் கீழிருந்து மேலாக, மெதுவாக, ஒவ்வொன்றாக வீசினார். ஒரு மீன் தரையில் விழவில்லை.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. மருந்து போலி என்று முனிவேல் கடைக்காரனைத் திட்ட ஆரம்பித்தார். அப்புறம் ஒன்று பறந்துகொண்டே இருந்து, பறப்பது மறந்துவிட்ட மாதிரி கீழே வந்தது. எழுந்து நிற்கப் பார்த்தது. கால் நிற்கவில்லை. இறக்கையை ஊன்றி நின்றது. தின்றதையெல்லாம் கக்கியது. கக்கினதை எடுக்க இன்னும் இரண்டு இறங்கின. செத்துக்கொண்டிருந்ததின் வாய்க்குள்ளே மூக்கை விட்டு ஒன்று மீனை இழுத்தது. மற்றது அந்த மீனுக்காக அதோடு சண்டை போட்டது. கொஞ்ச நேரத்தில் மூன்றும் ஒரே மாதிரி கழுத்தைத் திருகிக்கொண்டு கிடந்தன. கொல்லை முழுக்க வெள்ளை இறக்கைகள் தரையை அடித்துக்கொண்டிருந்தன. சத்தம் ஈரத் துணியை உதறுகிற மாதிரி கேட்டது.

"பாத்தியளா," என்றாள் காளியம்மாள். "பாத்தியளா அதுவள."

தங்கதுரை கூடை காலியாகும்வரை எறிந்தார். அந்தக் குஞ்சுப் பறவை அவர் கைக்குப் பக்கத்திலேயே வந்து வந்து போயிற்று. அதற்கு மட்டும் அவர் எறியவில்லை. மடியிலிருந்து மருந்தில்லாத மீன் ஒன்றை எடுத்து, முனிவேல் போனைப் பார்க்கிற நேரம் பார்த்து அதற்குக் கொடுத்தார். நான் பார்த்தேன். காளியம்மாளும் பார்த்தாள்.

எல்லாவற்றையும் சாக்கில் வாரிக் குழியில் போட்டு மூட மத்தியானம் ஆனது. சாகாமல் தப்பின கூட்டம் அன்றே எழுந்து போய்விட்டது. தங்கதுரை சாப்பிடவில்லை. ஏரித் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

வெள்ளிக்கிழமை குஞ்சு வண்டி வரவில்லை. பண்ணைக்காரன் ஆந்திராவிலிருந்து வரத்து இல்லை என்றான். அடுத்த வாரம் என்றான். அதற்கும் அடுத்த வாரம் என்றான். பங்குனி பிறந்து, சுற்று வட்டாரத்தில் எந்த ஏரியிலும் ஒரு வெள்ளைப் பறவை இல்லாமல் போன பிறகு, ஒரு நாள் சாவகாசமாக வண்டி வந்து குஞ்சுகளை ஊற்றிவிட்டுப் போயிற்று. தங்கதுரை கரையில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே முனிவேல் ஓசூரிலிருந்து ஆள் வரவழைத்து, கரையில் இரண்டு கம்பம் நட்டுக் கேமரா மாட்டினார். சோலார் தகடும் வைத்தார். வயர் முடுக்கிக்கொண்டிருந்தவனுக்குத் தங்கதுரைதான் ஏணியைப் பிடித்தார். வேலை முடிந்ததும் முனிவேல் அவரைக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, இனிமே காக்கா இல்ல. திருடன் வந்தா போன்ல பாத்துக்கறன். பேட்டரி எல்லாம் வெக்க அந்தக் கொட்டாய் வேணும். மாசம் முடியறவரைக்கும் இருந்துக்கோ, நான் அப்படி எல்லாம் கல்நெஞ்சுக்காரன் இல்ல."

"கார்த்திகையில திரும்ப வருமுங்க மொதலாளி," என்றார் தங்கதுரை.

"வந்தா கை நீட்ட ஆளா இல்ல? மருந்துதான் என்னாண்ட இருக்குதே. எவனாவது நாலு நாள் மீன் போட்டா வந்துட்டுப் போவுது."

காளியம்மாள் முருங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குச்சி துளிர்த்து ஆள் உயரம் வந்திருந்தது. அவள் பேசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவர்கள் கிளம்பின அன்று என் வண்டியில்தான் சாமான் ஏற்றினேன். ஓசூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவ ஆள் கேட்டிருந்தார்கள். சமையல்கட்டுக்குப் பின்னால் படுத்துக்கொள்ளலாம், ஆனால் காளியம்மாளுக்கு மட்டும்தான் இடம். தங்கதுரைக்கு மத்திகிரியில் பழைய கூட்டாளி அறையில் ஒரு மூலை. ஞாயிற்றுக்கிழமை ரஞ்சிதா எங்கே வருவாள் என்று நான் கேட்கவில்லை.

கட்டிலை ஏற்றிக் கயிறு கட்டுவதற்காகத் தங்கதுரை கையை உயர்த்தினார். எங்கிருந்து வந்ததோ, அந்தக் குஞ்சுப் பறவை வந்துவிட்டது. தலை இன்னும் வெள்ளையாகவே இருந்தது. இளைத்திருந்தது. அவர் கைக்கு மேலே நின்று நின்று பறந்தது.

"போ," என்றார் அவர். கையை இறக்கினார். "போயிரு. வடக்க போ. கடலுக்காவது போ."

அது போகவில்லை. தண்ணீர்மேல் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தது. அவர் குனிந்து ஒரு கல்லை எடுத்து எறிந்தார். பறவை பாய்ந்து வந்து கல்லை அந்தரத்தில் கவ்வியது. கவ்வி, கீழே போட்டது. திரும்ப வந்தது. இன்னொரு கல் எறிந்தார். அதையும் கவ்வப் போனது. மூக்கில் பட்டிருக்க வேண்டும், தலையை உதறிக்கொண்டது. திரும்ப வந்தது. அவர் அழுதுகொண்டே எறிந்தார். ஒவ்வொரு கல்லுக்கும் அது பாய்ந்தது.

"இப்புடி இருந்தா கார்த்திகையில வர்றவன் கைக்கும் வருமேடி," என்றார்.

காளியம்மாள் வண்டியிலிருந்து இறங்கினாள்.

"நீங்க கல்லு எறியிறது மீன் போடுற மாதிரி இருக்கு," என்றாள். "கையே பழகிப் போச்சு ஒங்களுக்கு."

அவள் கல்லைப் பொறுக்கி எடுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, நேராக, முழுக் கையையும் வீசி அடித்தாள். பறவை வாயைத் திறந்துகொண்டு கல்லை நோக்கி வந்தது.

பட்டது. ஒரு கத்தல்; அதில் சிரிப்பு இல்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து, தண்ணீரை உரசிக்கொண்டே எதிர்க்கரைக்குப் போயிற்று. அங்கே நாணலுக்குள் இறங்கியது. கொஞ்ச நேரம் பார்த்தோம். வரவில்லை.

காளியம்மாள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து முன் சீட்டில் ஏறினாள். தங்கதுரையும் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"கண்ணுலயா பட்டுச்சு?"

"இல்ல. றெக்கையிலதான்," என்றாள் அவள். "ஆறிப்போவும்."

அவள் கல்லை வீசினபோது நான் அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். எங்கே பட்டது என்று நானும் பார்த்தேன். ஒன்றும் சொல்லாமல் வண்டியை எடுத்தேன்.